சின்னச் சின்ன வேலை பாக்கி

மதியச் சாப்பாட்டின் களை தீராத நேரத்தில் மெக்கானிக் வந்தார். மழையைப் பொழிவதா வேண்டாமா என்று வானம் இழுத்தடித்துக்கொண்டிருந்தது. கருவிப் பையைத் தோளில் மாட்டியபடி கேட்டுக்கு வெளியே நின்று, வண்டி எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவள் முன்னால் நடந்து, வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாக அவரை ஷெட்டுக்குக் கூட்டிப்போனாள்.

தகரக் கூரை போட்ட சின்ன ஷெட். அதன் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவள் கணவன் படுத்திருந்த அறை. சுவரின் நடுவே கம்பி போட்ட ஒரு ஜன்னல். கண் விழித்ததும் வண்டியைப் பார்க்க வேண்டும் என்று அவனே சுவரை இடித்து வைத்த ஜன்னல் அது.

பழைய டூ ஸ்ட்ரோக் பைக் விற்பனைக்கு, சின்னச் சின்ன வேலை பாக்கி என்று அவள் விளம்பரம் கொடுத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லித்தரும் வாத்தியார் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். தன் அப்பா இதே வண்டிதான் வைத்திருந்தார் என்று சொல்லி சீட்டைத் தடவிக்கொடுத்தார். ஸ்டார்ட் ஆகி ஓடினால் போதும், எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஷெட் காலியானால் அவள் தையல் மெஷின்களைப் போட்டுக்கொள்வாள். ஊராருக்குத் துணி தைத்தாவது பிழைத்துக்கொள்ளலாம்.

கணவனுக்குப் போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்தது. கை, கால், நாக்கு எல்லாம் விழுந்துவிட்டன. கண் மட்டும் மிச்சம். இனி எழுந்திருப்பார் என்று நம்பாதீர்கள் என்று டாக்டர் சொன்னபோது, சுற்றி நின்ற சொந்தக்காரர்களுக்கு முன்னால் அவள் அழுதாள். எல்லோரும் போன பிறகு ஒரு டீ போட்டு, உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள் முழுதாகக் குடித்தாள். கல்யாணமான பிறகு அப்படிக் குடித்த முதல் டீ அதுதான்.

மெக்கானிக் தார்ப்பாயை இழுத்தார். தூசிக்கு அடியில் டேங்க் இன்னமும் பளபளத்தது.

"உங்க வீட்டுக்காரர் வண்டியை நல்லா வெச்சிருந்திருக்காரும்மா."

"வண்டியை நல்லாத்தான் வெச்சிருந்தாரு," என்றாள்.

அவர் கார்புரேட்டரைக் கழற்றினார். பெட்ரோல் காய்ந்து பிசினாய் அடைத்திருந்தது. கம்பியால் குத்தி, வாயை வைத்து ஊதினார்.

அறைக்குள்ளிருந்து ஓர் இருமல் கேட்டது.

படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவன் தொண்டையில் சளி கட்டிக் கர்ர் கர்ரென்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் பழகிப்போய் அவள் காதில் விழுவதே நின்றிருந்தது. இப்போது அது நின்றதுதான் காதில் விழுந்தது. உள்ளே போய்ப் பார்த்தாள். மூச்சு சீராக, சுத்தமாக வந்துகொண்டிருந்தது. மருந்து வேலை செய்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததில் சந்தோஷம் இல்லை.

அடுத்து மெக்கானிக் சைலன்ஸரைக் கழற்றிச் சுரண்டினார். கரி கட்டிகட்டியாகத் தரையில் உதிர்ந்தது. அவள் கணவனுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது தலையணை உறை கறுத்திருந்தது. அவன் வாயோரத்திலிருந்து தார் போல ஏதோ வழிந்திருந்தது. துடைத்த துணியை மூக்கருகே கொண்டுபோனாள்.

எரிந்த ஆயில் வாடை.

ஷெட்டுக்கு ஓடி மெக்கானிக்கைத் தடுத்திருக்கலாம். என்ன சொல்லித் தடுப்பது? அவள் துணியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி கட்டில் அருகிலேயே நின்றாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மெக்கானிக் வண்டிமேல் ஏறி, கிக்கரை மிதித்தார்.

போர்வைக்குள் அவன் வலது கால் துள்ளியது.

மீண்டும் மிதித்தார்.

மீண்டும் துள்ளியது.

மூன்றாம் மிதியில் எஞ்சின் பற்றிக்கொண்டது. தகரக் கூரை அதிர்ந்தது. நீலப் புகை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து, கட்டிலின் மேல் தாழ்ந்து பரவியது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஒருமுறை, குழம்பில் உப்பு கூடிவிட்டது என்பதற்காக அவளை அதே ஷெட்டில் தள்ளி, வண்டியை ஓடவிட்டு, வெளியே தாழ் போட்டுவிட்டு அவன் சாப்பிடப் போயிருக்கிறான். சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலைகூடப் போட்டுவிட்டுத்தான் திறந்தான். அன்று கதவிடுக்கில் மூக்கை வைத்து அவள் இழுத்த காற்றில் இந்த வாடைதான் இருந்தது.

அவன் உதடு அசைந்தது.

"சாவி."

காற்றுப்போல வந்தது குரல். ஆனால் அவன் குரல்தான்.

வெளியே மெக்கானிக் திருப்தியாக எஞ்சினை நிறுத்தினார். கிளட்ச் கேபிளையும் மாற்றிவிட்டதாகவும், செயின் வேலை மட்டும் நாளைக்கு என்றும் சொன்னார். அதையும் முடித்துவிட்டால் வண்டி எந்தத் தூரத்துக்கும் போகும், புதுசு மாதிரிதான் என்றார். பையை மூடும்போது ஒன்று நினைவுக்கு வந்தவராக நிமிர்ந்தார்.

"பெட்ரோல்ல ஆயில் கலந்து ஊத்தணும், வாங்கறவர்கிட்ட மறக்காம சொல்லிடுங்க. கலக்காம ஓட்டினா பிஸ்டன் சிலிண்டரோட ஒட்டிக்கும். அதோட வண்டி உயிர் போச்சு."

"ஓட்டறவருக்கு?"

"பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கும்மா. ஆளைத் தூக்கிப் போட்டுரும்."

செயின் வேலை வேண்டாம், இதுவே போதும் என்று சொல்லி அவரை அனுப்பி வைத்தாள்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அவனுக்கு வாய் துடைத்துவிட்டுக் கையை எடுக்கும்போது, செத்த மீன்போலக் கிடந்த விரல்கள் அவள் மணிக்கட்டைச் சுற்றி மடங்கின. மெதுவாகத்தான் மடங்கின. பிறகு இறுகின.

"எங்க போகுது வண்டி?"

அவள் கையை இழுத்துப் பார்த்தாள்.

"எனக்குக் கேக்குது," என்றான். "எல்லாம் கேக்குது."

விரல் ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கையை விடுவிக்க முடிந்தது. மணிக்கட்டில் விழுந்த தடத்தைத் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றபோது, அவளுக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்தது. வாங்குகிறவர் ஆசைப்பட்டுச் செயினை மாற்றுவார். பிரேக்கைச் சரிபார்ப்பார். எங்கோ ஒரு பட்டறையில் யாரோ ஒவ்வொரு திருகாக முறுக்கி முறுக்கி, இங்கே இவனை எழுப்பி உட்காரவைப்பார்கள். நடக்கவைப்பார்கள்.

விடிந்ததும் வாத்தியாரை உடனே வரச் சொல்லிப் போன் செய்தாள். டேங்கிலிருந்த பெட்ரோலை டியூப் வைத்து வாளியில் இறக்கினாள். பங்க்கிலிருந்து கேனில் வாங்கி வந்த வெறும் பெட்ரோலை ஊற்றி மூடினாள். அந்த நேரம் முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது முதுகில் தெரிந்தது.

வாத்தியார் புது ஹெல்மெட்டோடு வந்தார். அதில் ஒட்டியிருந்த விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. பண்டிகைக்குச் சட்டை வாங்கிய பையன்போல முகமெல்லாம் மலர்ந்திருந்தது. உடம்புக்கு முடியாதவரை ஒரு வார்த்தை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று அவராகவே உள்ளே போனார். கட்டில் அருகே குனிந்து, உங்கள் வண்டியைக் கண்ணாகப் பார்த்துக்கொள்வேன் சார் என்று சொன்னார். அவன் அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தான். பிறகு தோளுக்குத் தோள் பார்த்தான். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த சட்டை தனக்குச் சேருமா என்று பார்ப்பவனைப்போல.

வெளியே வந்து வண்டிமேல் உட்கார்ந்த வாத்தியார், எதற்கும் கேட்டுவைப்போம் என்று கேட்டார்.

"ஆயில் கலந்திருக்கா மேடம்?"

தனக்குப் பெண் குழந்தை இருப்பதாக அவர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. வந்தும்,

"கலந்திருக்கு," என்றாள்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவன் மூச்சு வண்டியோடு ஓடிக்கொண்டிருந்தது. கியர் மாறும்போது ஒரு கணம் தாழ்ந்து, பிறகு ஏறியது. வண்டிச் சத்தம் தூரத்தில் தேய்ந்து மறைந்த பிறகும் மூச்சு ஓடியது. முகத்தில் ரத்தம் ஏறி, வாலிபத்தில் இருந்ததுபோல ஆகிவிட்டான். இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, படுக்கையிலிருந்து எழும்பினான். உட்கார்ந்தேவிட்டான்.

சிரித்தான்.

பிறகு மூச்சில் ஒரு வறட்டுச் சத்தம் கலந்தது. இரும்பில் இரும்பு உரசுவது போல. நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கொதித்தது. தண்ணீர் என்று வாயைத் திறந்து காட்டினான். தண்ணீர்ச் சொம்பு அவள் மடியிலேயே இருந்தது. அவள் கொடுக்கவில்லை.

"நீதானே?" என்று அவன் முணுமுணுத்தான்.

"நான்தான்."

சட்டென்று உடம்பு மொத்தமும் பூட்டிக்கொண்டது. யாரோ பின்னாலிருந்து வீசி எறிந்ததுபோல முன்னால் கவிழ்ந்து, கட்டிலின் இரும்புச் சட்டத்தில் முகம் மோத விழுந்தான். அப்புறம் அசையவில்லை.

அவன் காரியத்துக்கு வந்த கூட்டத்தில் மெக்கானிக்கும் வந்திருந்தார். வாத்தியாரைப் பற்றி அவர்தான் சொன்னார். நெடுஞ்சாலையில் தூக்கி எறியப்பட்டு, நினைவில்லாமல் கிடந்து பிழைத்துவிட்டாராம். ஆனால் கண் விழித்ததும் மனைவியைப் பார்த்து யார் நீ என்று கேட்டாராம். மகள் கிட்டே போனால் கையை ஓங்குகிறாராம். அப்படிப்பட்ட மனிதரே இல்லை என்று பள்ளிக்கூடமே சொல்கிறதாம். நொறுங்கிய வண்டியைத் தன் பட்டறைக்குத்தான் கொண்டுவந்ததாகச் சொல்லி, கடைசியில் மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார்.

"டேங்க்ல சொட்டு ஆயில் இல்லம்மா."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் அதற்கு மேல் யார் கேட்பார்கள்? அவரும் கேட்கவில்லை. அன்று அவள் நன்றாகத் தூங்கினாள்.

ஷெட்டைக் கழுவிவிட்டு, ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, தையல் மெஷின்களை வரிசையாகப் போட்டாள். நாலு பேர் துணி கொடுக்க ஆரம்பித்தார்கள். யாருக்கும் பயப்படாமல் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தைத்தாள்.

ஒரு நாள் மழை விட்ட பிற்பகலில், தைத்த துணிகளை மடித்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தாள். வாத்தியார். நெற்றியில் தையல் போட்ட தழும்பு. கால்களில் சேறு அப்பிய பூட்ஸ். நியாயம் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, சொல்ல வேண்டிய பொய்யை மனத்துக்குள் தயார் செய்தாள்.

அவர் எதுவும் கேட்கவில்லை. முகம் பேயறைந்ததுபோல வெளுத்திருந்தது.

"எதுக்கு வந்தேன்னு எனக்கே தெரியல மேடம்," என்றார். "வீட்டுக்குத்தான் கிளம்பினேன். கால் இங்க கூட்டிட்டு வந்துருச்சு."

சொல்லிக்கொண்டே பூட்ஸோடு உள்ளே வந்தார். கூடத்திலிருந்த நாற்காலிகளை விட்டுவிட்டு, மூலையில் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்த, அவள் கணவனின் மர நாற்காலியை இழுத்துத் திருப்பி உட்கார்ந்தார். இரண்டு கால்களையும் அவள் பக்கமாக நீட்டினார்.

"மன்னிச்சுக்கங்க," என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "நான் நீட்டல. சத்தியமா நான் நீட்டல."

பூட்ஸ் முனை தரையில் தட்டியது. பொறுமையில்லாமல் மறுபடியும் தட்டியது.

கல்யாணமான மறுநாளிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் கேட்ட அந்தத் தட்டல் அவள் முழங்கால்களுக்குத் தெரியும். கையிலிருந்த துணிகள் எப்போது கீழே விழுந்தன என்று அவளுக்குத் தெரியவில்லை. தரையில் மண்டியிட்டிருந்தாள். சேற்றில் நனைந்து இறுகிய பூட்ஸ் முடிச்சை அவள் விரல்கள் அவிழ்த்துக்கொண்டிருந்தன.