மூன்றாம் மாடிக் கயிறு

கயிறு காற்றில் ஆடவில்லை. அதுதான் சமீனாவுக்கு முதலில் உறுத்தியது.

ஜனவரியில் இப்படியொரு புயலை ரங்கூனின் தாகேதாப் பேட்டை பார்த்ததில்லை. பிற்பகல் மூன்று மணிக்கே வானம் கரிச்சட்டியாகி, தகரக் கூரைகள் பிய்ந்து பறந்து, பின்சந்துச் சாக்கடை தெருவுக்குள் ஏறி, ஆண்டுக்கணக்காக ஜன்னல் வழியே வீசியெறிந்த எச்சில் சோறு, மீன்குடல், பிள்ளைகளின் டயபர், செத்த எலி எல்லாவற்றையும் வாசல்படியிலேயே கொட்டியிருந்தது. யார் வீசியது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். நாற்றம் மூன்றாம் மாடிவரை ஏறி நாக்கில் ஒட்டியது. துப்பினாலும் போகவில்லை.

அறைக்குள் ஆறு வயது மகள் ருக்சானா இழுத்து இழுத்து மூச்சுவிட்டாள். இன்ஹேலர் காலையிலேயே தீர்ந்துவிட்டது. எதிர்த்த மருந்துக்கடை அஜ்மலுக்குச் சமீனா போன் போட்டிருந்தாள்.

"கயித்த எறக்குங்க லாத்தா, பையில போட்டு விடுறேன். காத்துல உங்க கயிறு மாண்டலே போயிடாம பாத்துக்குங்க."

"கிண்டல் பண்ணாத தம்பி. புள்ள நெஞ்சு விசிலாட்டம் கத்துது."

ரங்கூன் மாடி வீடுகளில் ஆளுக்கொரு கயிறு தொங்கும். கீழே பை, மேலே மணி. தெருவில் நிற்பவர் பொருளைப் போட்டு ஆட்டினால் மணி அடிக்கும். மேலே இருப்பவர் எட்டிக்கூடப் பார்க்காமல் இழுத்துக்கொள்வார். பழக்கம்.

எதிர்வீட்டுக் கயிறுகள் சுழன்று சுழன்று சுவரை அறைந்தன. அவள் இறக்கிய கயிறு மட்டும் சாக்கடைத் தண்ணீரில் நட்டுவைத்த கம்பிபோல் நின்றது. மணி அடித்தது. ஒரே முறை. நிதானமாக.

இழுத்தாள். கனத்தது. கயிறெல்லாம் கொழகொழவென்று ஏதோ. உள்ளங்கையில் நீளமுடி சுற்றிக்கொண்டது. உள்ளே பிள்ளையின் மூச்சு இன்னும் சிறுத்தது. பையைக் கைப்பிடிச் சுவரில் ஏற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை விட்டாள்.

வெதுவெதுப்பு. வழவழப்பு. ஈறு. சின்னச் சின்னப் பற்கள்.

இடுப்பில் செருகிய போன் அதிர்ந்தது. மறுகையால் எடுத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க லாத்தா. இடுப்பளவு தண்ணி, ஷட்டரத் தூக்க முடியல. இன்னும் கடைக்குள்ளதான் கெடக்கேன். லாத்தா? கேக்குதா?"

பைக்குள் ஒரு நாக்கு அவள் விரல்களைச் சப்பியது. பால்குடிப் பிள்ளைபோல.

வெடுக்கென இழுத்தாள். கை வரவில்லை.

அறைக்குள் இழுப்பு நின்றது.

"ருக்சானா?"



பை புடைத்தது. உள்ளிருந்து, விரல்களை விடாமல், அது இழுத்து இழுத்து மூச்சுவிடத் தொடங்கியது.