கார்லோ யார் பக்கம்

தேனுஜாவுக்கு வயிறு எரிந்தது. பசியால் அல்ல. பசி என்றால் சாப்பிட்டால் போய்விடும். இந்த எரிச்சலுக்கு நான்கு கால்களும் ஒரு வாலும் இருந்தன. பெயர் கார்லோ.

கார்லோ பக்கத்து வீட்டுச் சுபானியின் நாய். ஜெர்மனியில் ஹாலே நகரத்துக்கு வெளியே இருந்த அந்தச் சின்ன ஊரில் தமிழ் வீடுகள் இரண்டே இரண்டுதான். இரண்டு தோட்டங்களுக்கும் நடுவே ஒரு கம்பி வலை வேலி. தேனுஜாவும் சுபானியும் நான்காம் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருந்தார்கள்.

மூன்று வருடமாக நாய் கேட்டவள் தேனுஜா. "நாய்க்கும் வரி கட்டுற நாடு இது. ஏலாது" என்று அப்பா பாலச்சந்திரன் கையை விரித்துவிட்டார். பதிலுக்கு நான்கு கோழிகளை வாங்கிக் கொடுத்தார். ஒரு நாளும் வாய் திறந்து கேட்காத சுபானிக்கோ பிறந்தநாள் பரிசாக நாய் வந்தது. நாய்க் காப்பகத்திலிருந்து, பழுப்பு நிறத்தில், ஒரு காது நிமிர்ந்தும் மறு காது மடிந்தும் வந்தது. எரியாமல் என்ன செய்யும்?

பள்ளியில் எல்லோரும் சுபானியைச் சுற்றிக்கொண்டார்கள். கார்லோ கை கொடுப்பானா, கார்லோ எங்கே தூங்குவான் என்று ஒரே விசாரணை.

"எங்கள் செவலைக் கோழி நேற்று இரட்டைக் கரு முட்டை இட்டது" என்று தேனுஜா சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. சுபானி இசை வகுப்பு முடிந்து மூன்று மணிக்குத்தான் வீடு திரும்புவாள். அவளுடைய அப்பா சில்வெஸ்டர் டிராம் ஓட்டுபவர், அவர் வர இருட்டிவிடும். தேனுஜாவோ ஒன்றரைக்கே வந்துவிடுவாள். அந்த ஒன்றரை மணி நேரமும் கார்லோ தோட்டத்தில் தனியாகத்தான் இருப்பான்.

அம்மா அம்பிகா அவித்த பிட்டில் ஒரு பிடி. அதன் மேல் மீன் குழம்பிலிருந்து கழுவி எடுத்த ஒரு துண்டு மீன். தேனுஜா வேலியின் அடிக்கம்பியைக் கொஞ்சம் உயர்த்திக் கிண்ணத்தை அந்தப் பக்கம் தள்ளினாள்.

கார்லோ கிண்ணத்தைக் கண்ணாடியாகத் துடைத்துவிட்டு அவள் விரல்களையும் நக்கினான்.

ஒரே வாரத்தில், ஒன்றரை மணி ஆனால் அவன் வேலியடியில் வந்து உட்கார்ந்துவிடுவான். மூன்று மணிக்குச் சுபானி வந்து கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்புவான். வாலை ஆட்டுவது தேனுஜாவுக்குத்தான். எரிச்சலில் பாதி குறைந்தது. மீதிப் பாதியைக் குறைக்க அவள் மீன் துண்டை இரண்டாக்கினாள்.

அவள் வரத் தாமதமானால் கார்லோ மண்ணைக் கிளறினான். கம்பி உயரும் அந்த இடத்தில்தான் கிளறினான். ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் தேனுஜா பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்காக ஒருவன் குழி தோண்டுகிறான் என்றால் அது எவ்வளவு பெருமை.

செவ்வாய்க்கிழமை அவள் பல் டாக்டரிடம் போய்விட்டாள். திரும்பி வந்தபோது கோழித் தோட்டம் முழுக்க இறகு. கார்லோ குழிக்குள்ளால் புகுந்திருந்தான். பிட்டும் இல்லை, தேனுஜாவும் இல்லை, ஓடி விளையாட நான்கு கோழிகள் இருந்தன. செவலைக்கு வால் இல்லை. மற்ற மூன்றும் கூட்டின் மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒடுங்கி நின்றன.

"சில்வெஸ்டர் அண்ணை, இண்டைக்கு வால். அடுத்த முறை கழுத்தெல்லோ?" என்றார் அப்பா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று.

சில்வெஸ்டர் மாமா தலையைக் குனிந்துகொண்டார். "நீங்கள் சொல்லுறது சரிதான். பகல் முழுக்க அவனைக் கட்டிப்போடவும் மனமில்லை, காவல் இருக்கவும் ஆளில்லை. காப்பகத்தில கதைச்சிட்டன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வரச்சொல்லி டெர்மின் தந்திருக்கினம். திருப்பிக் குடுக்கிறன்."

தேனுஜாவுக்கு வெட்கம்கெட்ட ஒரு சந்தோஷம் வந்தது. இனி எனக்கும் நாய் இல்லை, அவளுக்கும் இல்லை. சரிக்குச் சரி.

அந்தச் சந்தோஷம் வியாழக்கிழமைப் பின்னேரம்வரைதான் நின்றது.

அன்று சுபானி தோட்டத்தில் உட்கார்ந்து கார்லோவின் பொருட்களை ஒரு பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். போர்வை, பந்து, சீப்பு. அடுக்கி முடித்துவிட்டு அவன் கழுத்தைக் கட்டிப்பிடித்தாள். கார்லோவோ அவள் தோளுக்கு மேலால் வேலியைத்தான் பார்த்தான். தேனுஜாவைக் கண்டதும் வாலை ஆட்டினான்.

தேனுஜா வென்றுவிட்டாள். ஆனால் அந்த வாலாட்டலைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"சுபானி" என்று கூப்பிட்டாள். "அவன் கோழி பிடிக்க வரேல்லை. என்னட்டைத்தான் வந்தவன். நான்தான் ஒவ்வொரு நாளும் பிட்டும் மீனும் குடுத்தனான். கம்பியைத் தூக்கினதும் நான்தான்."

சுபானி நிமிர்ந்தாள். "ஏன் குடுத்தனி?"

"எரிச்சல். உனக்கு நாய் இருக்கெண்டு."

சுபானி பந்தைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் திணித்தாள். பிறகு சொன்னாள்: "நான் கூப்பிட்டாலும் அவன் வாறேல்லை. அவனுக்கு என்னைப் பிடிக்கேல்லை எண்டு நினைச்சு ஒவ்வொரு நாளும் அழுதனான்." பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தேனுஜா நேராக அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். திட்டு விழுந்தது, அதுவும் பலமாக. வாங்கி முடித்துவிட்டு அவள் கேட்டாள்:

"அப்பா, அவன் எப்பவும் மூக்கு வேலியில முட்டினாப் பிறகுதான் கிண்டுவான். ஒரு அடி பின்னால நிண்டு கிண்டினதை நான் ஒரு நாளும் காணேல்லை. கோழிக்கூடு கட்டி மிச்சமிருக்கிற கம்பி வலையை வேலியோட சேர்த்து நிலத்தில படுக்கப் போட்டால் என்ன? அவன் நிக்கிற பக்கம். மேல மண் போட்டு மூடலாம். எங்க கிண்டினாலும் கம்பிதான் வரும்."

அப்பா மோவாயைத் தடவினார். "நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பக்கம் அவையின்ர காணி. ஒரு சாண் வேலி தள்ளினதுக்கு இருபது வருசம் வழக்குப் பேசின ஊர் ஆக்கள் நாங்கள். நான் எப்பிடி அங்க கம்பி போடுறது?"

"நான் போய்க் கேக்கிறன்" என்றாள் தேனுஜா.

இருட்டிய பிறகு வேலையிலிருந்து வந்த சில்வெஸ்டர் மாமா வாசலில் நின்றே முழுவதையும் கேட்டார். பிட்டுக் கதையையும் அவள் மறைக்கவில்லை. அவர் வேலிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "பாலச்சந்திரன், ரெண்டு அடி என்ர காணிக்குள்ள வாங்கோ. வழக்குப் போடமாட்டன்."

அப்பாவின் சிரிப்பு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.

வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் வேலை தொடங்கியது. அப்பாவும் மாமாவும் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தார்கள். வலையை விரித்து, வேலியின் அடிக்கம்பியோடு முறுக்கிக் கட்டி, ஆணி அடித்து, மண் போட்டு மிதித்தார்கள். சுபானியும் வந்து மிதித்தாள். தேனுஜாவோடு மட்டும் பேசவில்லை.

மூன்றரை மணி. நான்கு மணி டெர்மினுக்குப் போவதா இல்லையா என்று கார்லோதான் சொல்லவேண்டும்.

"நான் வழக்கமான இடத்தில நிக்கிறன். அப்பதான் சரியாத் தெரியும்" என்றாள் தேனுஜா.

கார்லோவை அவிழ்த்துவிட்டார்கள். அவன் பாய்ந்து வந்து மூக்கை வேலியில் முட்டிக் கிண்டினான். கம்பி. கொஞ்சம் தள்ளிக் கிண்டினான். அங்கும் கம்பி. தலையைச் சாய்த்துத் தேனுஜாவைப் பார்த்து முனகினான்.

அவள் ஒரு சொல் சொன்னால் போதும், அவன் மாலைவரை அங்கேயே நிற்பான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவன் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, வேலிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"கார்லோ" என்று பின்னாலிருந்து சுபானி கூப்பிட்டாள்.

முனகல் நின்றது. புல்லில் கால்கள் ஓடிப்போகும் சத்தம் கேட்டது. பிறகு சுபானியின் சிரிப்பு. தேனுஜாவுக்கு எரியத்தான் செய்தது. ஆனாலும் அவள் திரும்பவில்லை.

"நான் காப்பகத்துக்கு போன் பண்ணி வேண்டாமெண்டு சொல்லுறன்" என்றார் சில்வெஸ்டர் மாமா.

"தேனுஜா, இப்ப திரும்பலாம்." சுபானி வேலிக்கு அருகே வந்திருந்தாள்.

"கொஞ்சம் பொறு" என்றாள் தேனுஜா. கண்ணைத் துடைக்க அவளுக்கு ஒரு நிமிடம் தேவைப்பட்டது.

திரும்பியபோது சுபானியின் கையில் நாய்ப்பட்டி இருந்தது. "ஆத்தங்கரைக்கு நடக்கப் போறம். வாறியா? ஆனால் பட்டியை முதல்ல நான்தான் பிடிப்பன்."

"ஓம், வாறன்" என்றாள் தேனுஜா. "பாலத்துக்கு அங்கால நான்."

"சரி, பாலத்துக்கு அங்கால நீ."