பால்பல் விழும் பருவம்

அலமாரித் தட்டில் ஒரு பால்பல் கிடந்தது.

அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. அவள் அதை எடுத்து விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பல் செட் செய்வதுதான் அவள் பிழைப்பு. மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளுக்கு நடுவிலேயே பாதி வாழ்க்கை போய்விட்டது. அடியிலிருந்து பெரிய பல் முட்டிக்கொண்டு வந்தால் பால்பல்லின் வேர் கரைந்துபோகும். இதிலும் வேர் கரைந்திருந்தது. கிடந்த இடமோ, அவளே பிளாஸ்டரில் வார்த்த டிராகன் குட்டியின் வாய்க்கு நேர் கீழே.

பொம்மைக்குப் பல் விழுமா? வெளியே சொன்னால் மறை கழன்றுவிட்டது என்பார்கள்.

அந்த டிராகன் தம்பியுடையது. ஞாயிறுதோறும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி அக்காவும் தம்பியும் இரண்டு நண்பர்களுமாக நாலு பேர் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டில், முட்டையிலிருந்து அவன் வளர்த்த செல்லம். கதையை நடத்துபவள் அக்காதான். டிராகனின் பருவங்களை வகுத்தவளும் அவளே. குட்டியில் வளர்ப்பவரின் வாசனையை அறியும். வாலிபத்தில், தீனி போட்டவரின் குரலை எடுத்துக்கொள்ளும். முழுதாக வளர்ந்தபின் வேண்டியதை வாய்விட்டுக் கேட்கும். மேஜைக்கென்று ஒரு சட்டமும் உண்டு: வாயால் சொன்னது நடந்தது. வாபஸ் கிடையாது. மறுப்பதென்றாலும் வாயைத் திறந்து மறுக்க வேண்டும்.

தம்பிக்கு அதன் முதுகில் ஏறிப் பறக்க அவசரம். போன ஞாயிறு பிய்த்து எடுத்துவிட்டான்.

"ஒரு நூறு வருஷம் தாண்டி விட்டுடுக்கா. நீ என்ன குறைஞ்சா போயிடுவே?"

"சரி, தாண்டியாச்சு போ."

"அப்போ நூறு வருஷமா அதுக்கு யாரு தீனி போட்டது?" என்றார் மருந்துக்கடைக்காரர். எதையும் நோண்டாமல் விடமாட்டார் மனிதர்.

அவளுக்கு நல்ல பசி. மேஜையை ஒழித்தால் போதும் என்றிருந்தது. "நானே போட்டேன்னு வெச்சுக்கங்க. கேட்டதெல்லாம் கொடுத்தேன். போதுமா?"

"வாயை விட்டுட்டீங்களே!" என்று பஸ் டிரைவர் சிரித்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டது. அதற்கு மறுநாள்தான் இந்தப் பல்.

பிறகு இன்னொன்று விழுந்தது. அப்புறம் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒன்று. வேலை அறையில் மெழுகு வாசனையோடு ஈர மண்ணும் பழைய இரும்பும் கலந்த ஒரு வாடை, ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போகாமல், மூக்கின் உள்ளேயே குடியிருப்பதுபோல் தங்கிவிட்டது. செட் பற்களைத் தேய்த்து மெருகேற்றும் மெஷினை நிறுத்தியபிறகும் தேய்க்கிற சத்தம் கொஞ்ச நேரம் தொடர்ந்து கேட்டது. பொம்மையைத் தூக்கி எறியப் போனாள். இரண்டு கையால் இழுத்தும் அது தட்டைவிட்டு அசையவில்லை.

தம்பியிடம் சொல்லப் பார்த்தாள். "அந்த... விளையாட்டு..." என்பதற்குள் குரல் உடைந்தது.

"பேசாதேக்கா. தொண்டைக்கு ஓய்வு குடு," என்று சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தான். அம்மா போனபின் அவள் தோளில் போட்டு வளர்த்த பிள்ளை. அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் அவளுக்கு இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை. அந்த நினைப்பே அவளைக் கொன்றது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், சுத்தமாகப் பேச்சே வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. பின்பக்கத்துப் பால்கனியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

கதவைத் தள்ளினாள். உதைத்தாள். கம்பி போட்ட ஜன்னல் கண்ணாடி வழியாக நடை முழுவதும் தெரிந்தது. கோடியில் வேலை அறைக் கதவு திறந்திருந்தது. வாசலில் அலமாரிப் பலகை இரண்டாகப் பிளந்து கிடந்தது. தரையெல்லாம் வெள்ளைப் பொடி. அந்தப் பொடியில் அகலமாக ஏதோ இழுபட்ட தடம் அறையின் இருட்டுக்குள் போய் நின்றது.

அப்போது தெருக்கதவு திறந்தது. தம்பி நனைந்து வந்து ஷூவைக் கழற்றினான்.

கண்ணாடியைக் கையால் அடித்தாள். தலைக்கு மேல் தகரக் கூரையில் மழை கொட்டியது. அவன் திரும்பவில்லை.

"வந்துட்டியாடா? இங்க கொஞ்சம் வா."

வேலை அறையிலிருந்து மழையையும் மீறி வந்தது குரல். அவளுடைய குரல். ஐந்து நாளாய் அவள் கொஞ்சம் கொஞ்சமாக இழந்த அதே குரல், வாஞ்சை கூடக் குறையாமல்.

தம்பியின் முகம் மலர்ந்தது. "தொண்டை திறந்துடுச்சாக்கா? அப்பாடா! பயந்தே போயிட்டேன்."

வேண்டாம்டா.

வாய் திறந்தது. காற்றுதான் வந்தது.

"ஆமாடா. நீ வா. நீதான் வேணும்."

வேண்டாம். ஒரே சொல். மேஜைச் சட்டப்படி அதைச் சொல்லிவிட்டால் போதும். தொண்டை கிழியக் கத்தினாள். ஒன்றும் வரவில்லை. விரல்முட்டி உடைந்து கண்ணாடியில் ரத்தம் படிந்தது.

அவன் தலையைத் துவட்டிக்கொண்டே நடந்தான். பலகையைத் தாண்டினான். "ஏன்க்கா இருட்டுல நிக்கிறே?" என்றபடி சுவரில் சுவிட்சைத் துழாவினான்.

அவன் தலைக்கு மேலே இருட்டு இரண்டாகத் திறந்தது. மேலே ஒரு வெள்ளை வரிசை. கீழே ஒரு வெள்ளை வரிசை.

துழாவிய கை நின்றது. தம்பி, சிரித்த முகம் மாறாமல், அண்ணாந்து பார்த்தான்.