பேசாத பேருந்து

என் அப்பா ஓட்டும் பேருந்தில் யாரும் பேசக்கூடாது.

சத்தியமாகத்தான் சொல்கிறேன். ஏறும்போதே எல்லாருடைய கைப்பேசியையும் வாங்கி ஒரு சிவப்புப் பையில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். மலை உச்சிக்குப் போய், அங்கே தங்கி, மறுநாள் இறங்கி வரும்வரை வாயைத் திறக்கக்கூடாது. அதற்குப் பெயர் மௌனப் பயணம். பெரியவர்கள் இதற்குக் காசு கொடுத்து வருகிறார்கள். எங்கள் வகுப்பு டீச்சர் தினமும் இலவசமாகவே பேசாதே, பேசாதே என்கிறார். நாங்கள்தான் கேட்பதில்லை.

இந்தப் பயணத்தை நடத்துபவர் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர். அவர் மட்டும் பேசலாம். மைக்கைக் கையில் பிடித்தால் விடவே மாட்டார். அப்பா அவருக்கு மௌனசாமி என்று பெயர் வைத்திருந்தார். அதுவும் வீட்டில் மட்டும்தான். வண்டியில் "சரிங்க சார், ஆகட்டும் சார்" என்று ஒரே குழைவு.

எனக்கு மௌனமும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். எனக்கு அந்த உச்சியைப் பார்க்க வேண்டும். அங்கே நின்றால் மேகம் நம் காலுக்குக் கீழே இருக்குமாம். அப்பா மாதாமாதம் பார்க்கிறார். "என்னையும் கூட்டிட்டுப் போப்பா" என்று நான் நச்சரிக்காத நாளில்லை. இந்த விடுமுறையில்தான் மௌனசாமி மனம் இரங்கினார். ஒரே நிபந்தனை, நானும் பேசக்கூடாது.

"இவளா? இவ தூக்கத்துலயே பேசுவாளே!" என்று அம்மா சிரித்தாள்.

"இருந்து காட்டறேன் பாரு" என்றேன்.

அப்பாவின் பக்கத்தில் இருந்த சின்ன இருக்கை எனக்குக் கிடைத்தது. கிளம்பியதும் மௌனசாமி மைக்கைத் தட்டினார்.

"அன்பர்களே, பயணம் மனிதனை மாற்றும். மேலே ஏற ஏற நம் உள்ளமும் உயரும். இதோ, இந்த அன்பரைப் பாருங்கள். ஐந்தாவது முறையாக வருகிறார். எவ்வளவு அமைதி அந்த முகத்தில்!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். மூன்றாவது வரிசையில், ஜன்னலோரம், கழுத்தில் குட்டித் தலையணை மாட்டிக்கொண்டு ஒருவர் கண்ணை மூடியிருந்தார். அமைதியோ தூக்கமோ, யார் கண்டது?

அவருக்குப் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஊதா சால்வை, மடியில் பெரிய கைப்பை. நான் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு புருவத்தை மட்டும் தூக்கிக் காட்டினார். நானும் தூக்கினேன். எனக்கு இரண்டும் சேர்ந்துதான் எழும்பியது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நாங்கள் சிநேகிதமாகிவிட்டோம். மனதுக்குள் அவரை அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டேன்.

மலை அடிவாரத்தில் வண்டி நின்றது. அங்கே ஒரு டீக்கடை, ஒரு கழிவறை, அவ்வளவுதான். தூறல் வேறு. மலைப்பாதையின் நடுவில் ஒரு கேட் உண்டு. நான்கு மணிக்கு அதைப் பூட்டினால் மறுநாள் காலையில்தான் திறப்பார்கள். அதற்கு மேல் எந்த வண்டியும் வராது என்பதால் கடைக்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்.

மற்ற வண்டிகளாக இருந்தால் கிளம்பும்முன் அப்பா ஒரு சத்தம் போடுவார். "பக்கத்துல ஆள் இருக்காங்களா பாத்துக்குங்க!" என்பார். எல்லாரும் "இருக்காங்க, இருக்காங்க, போலாம்!" என்று கத்துவார்கள். மௌனப் பயணத்தில் அது நடக்குமா? மௌனசாமி ஒரு மணியை அடித்தார்.

"கண்களை மூடுங்கள். பக்கத்தில் இருப்பவரை மனதால் உணருங்கள். உணர்ந்துவிட்டீர்களா? நல்லது. டிரைவர், போகலாம்."

வண்டி கிளம்பியது. நான் ஒழுங்காகக் கண்ணை மூடிக்கொண்டு அப்பாவை உணர்ந்தேன். டீசல் வாசனை அடித்தது.

வளைந்து வளைந்து ஏறினோம். மூடுபனி கண்ணாடியில் வந்து ஒட்டியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கேட், அப்புறம் உச்சி, அப்புறம் மேகம்! சந்தோஷம் தாங்காமல் புருவத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் திரும்பினேன்.

அத்தை இல்லை.

படுத்துவிட்டாரோ என்று எழுந்து போய்ப் பார்த்தேன். அவருடைய இருக்கையில் அந்தக் குட்டித் தலையணை சொகுசாகப் படுத்திருந்தது. அத்தையின் சால்வையும் கைப்பையும் கீழே தரையில் கிடந்தன. ஐந்தாம் முறைக்காரரின் தோளைத் தட்டினேன். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். உதட்டில் விரலை வைத்தார். மறுபடி மூடிக்கொண்டார்.

பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேனே! வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஓடிப்போய் அப்பாவின் தோளைப் பிடித்து ஆட்டினேன். அவருக்குப் புரியவில்லை. போதும் இந்த ஊமை நாடகம் என்று தோன்றியது.

"அப்பா, நிறுத்து! மூணாவது வரிசை அத்தையைக் கீழேயே விட்டுட்டு வந்துட்டோம்!"

வண்டி முழுக்கக் கண்கள் திறந்தன. அப்பா பிரேக்கை மிதித்தார்.

மௌனசாமி எழுந்து வந்தார். "குழந்தாய், மௌனத்தைக் கலைத்துவிட்டாயே" என்றார் மெதுவாக. பிறகு மூன்றாவது வரிசையைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதன்பின் அவர் குரலே வேறு.

"யோவ் டிரைவர், எதுக்குய்யா நிறுத்தின? நாலு மணிக்குக் கேட்டைப் பூட்டிடுவான். திரும்பிப் போனா அவ்வளவுதான், உச்சி கிடையாது. ஓட்டு!"

"சார், ஒரு பொம்பளை தனியா..."

"அவங்க என்ன கைக்குழந்தையா? பெரியவங்க. சமாளிச்சுப்பாங்க."

அப்பா என்னைப் பார்த்தார். அவர் காது சிவந்திருந்தது. "கண்ணு, மேல போயிடலாம். போனதும் அவங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாம்."

"எந்த போனுக்குப்பா? அவங்க போன் இந்தச் சிவப்புப் பையிலதானே இருக்கு!"

அப்பா அந்தப் பையைத் திரும்பிப் பார்த்தார்.

"கைப்பை இங்க இருக்கு. சால்வை இங்க இருக்கு. கடையும் மூடியாச்சு. விடியற வரைக்கும் அந்தக் குளிர்ல எங்க போவாங்க?"

மௌனசாமி மைக்கை எடுத்தார். "சரி. நாம் அமைதியை நாடி வந்தவர்கள். சண்டை எதற்கு? எல்லாரும் கண்களை மூடுங்கள். திரும்பிப் போக வேண்டும் என்று நினைப்பவர்கள் கையைத் தூக்குங்கள்."

நான் கண்ணை மூடவில்லை. இரண்டு கைகள் எழும்பின. மூன்றாவதாக ஒரு கை பாதி தூரம் எழும்பி, பக்கத்தில் யாரும் தூக்கவில்லை என்று ஓரக்கண்ணில் தெரிந்ததும் தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது. மற்றவர்கள் சிலைபோல இருந்தார்கள்.

"பெரும்பான்மை முடிவு" என்றார் மௌனசாமி. "போகலாம் டிரைவர். இல்லன்னா அடுத்த மாசம் இந்த சீட்ல வேற ஆள் உக்காருவான்."

அப்பா கியரில் கையை வைத்தார்.

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது! அப்பா அப்படிச் செய்வார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. தெருவில் நாய்க்குட்டி குறுக்கே வந்தாலும் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்ப்பவர் அவர்.

நான் குனிந்து செருப்பை மாட்டினேன். அத்தையின் சால்வையையும் பையையும் எடுத்துக்கொண்டு கதவுக்கு வந்தேன்.

"கதவைத் திற."

"கண்ணு, என்னடா இது..."

"நீ மேல போப்பா. நான் நடந்து கீழ போறேன். அவங்களோட உக்காந்திருக்கேன். நாளைக்குக் காலையில வந்து ரெண்டு பேரையும் ஏத்திக்கோ."

"விளையாடாத."

"விளையாடல. கதவைத் திறப்பா!"

அந்தப் பனியில் பத்தடி தூரம்கூடத் தெரியவில்லை. உச்சி வேறு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வாயால் சொல்லிவிட்டேனே தவிர, அப்பா கதவைத் திறந்துவிட்டால் என்ன செய்வது என்று உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் இறங்கியிருப்பேன்.

அப்பா என்னையே பார்த்தார். பிறகு கியரைப் பின்னுக்குத் தள்ளினார்.

"எல்லாரும் கெட்டியாப் பிடிச்சுக்குங்க" என்றார்.

அந்தக் குறுகிய வளைவில் பேருந்தைத் திருப்புவது லேசான காரியமா? பின்னால் போய், முன்னால் வந்து, மறுபடி பின்னால் போய்... சக்கரம் பள்ளத்தின் விளிம்புக்குப் போனபோது வண்டியே அலறியது. "ஐயோ!" "பாத்துய்யா, பாத்து!" "நிறுத்துப்பா, உசிர் போகுது!" மௌனம் போன இடம் தெரியவில்லை. தலையணைக்காரரின் கத்தல்தான் எல்லாவற்றையும்விடப் பெரியது.

கீழே வந்து சேர்ந்தோம். மூடிய டீக்கடையின் ஷட்டரோடு ஒட்டிக்கொண்டு அத்தை நின்றிருந்தார். முழுக்க நனைந்து, பல் கிடுகிடுக்க. காலில் ஒரு செருப்புத்தான் இருந்தது. அறுந்துபோன இன்னொன்றைக் கையில் பிடித்திருந்தார். நான் குதித்து இறங்கி ஓடிப்போய் சால்வையைப் போர்த்திவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் ஏதோ சொன்னார். தொண்டை கட்டி, குரலே வரவில்லை. கத்திக் கத்தியே போயிருக்கிறது.

வண்டிக்குள் ஏறியதும் அவர் தன் இருக்கையைப் பார்த்தார். தலையணை இன்னும் அங்கேயேதான் இருந்தது.

"நான் வண்டி பின்னாடியே ஓடி வந்தேன்" என்றார், கிசுகிசுப்பாக. "ஜன்னல் வழியா நீங்க என்னைப் பாத்தீங்க. நான் கையை ஆட்டினேன். நீங்க கண்ணை மூடிக்கிட்டீங்க."

ஐந்தாம் முறைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் தியானத்துல இருந்தேன்மா" என்றார்.

அன்றைக்கு அந்தப் பேருந்தில் நிஜமான மௌனம் அப்போதுதான் வந்தது.

அத்தை அங்கே உட்காரவில்லை. முன்னால் வந்து என் சின்ன இருக்கையில் என்னோடு ஒண்டிக்கொண்டார். ஈரச் சேலை என் கையில் சில்லென்று பட்டது.

"நீங்க எதுக்கு அத்தை இந்தப் பயணத்துக்கு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"வீட்டுல என்கூடப் பேச ஆள் கிடையாதுடா" என்றார். "எல்லாருமே பேசாம இருக்கிற இடத்துக்குப் போனா, அது தெரியாதுல்ல? அதுக்குத்தான்."

எனக்கு அழுகை முட்டியது. கேட் பூட்டியிருக்கும் என்பதால் அப்பா வண்டியை ஊருக்கே விட்டார். ஊர் வந்து சேரும்வரை நான் வாயை மூடவே இல்லை. எங்கள் பள்ளிக்கூடம், பக்கத்து வீட்டுப் பூனை, அம்மா சுடும் கருகிய முட்டை எல்லாவற்றையும் சொன்னேன். குரல் இல்லாத அத்தை புருவத்தாலேயே பதில் சொன்னார்.

ஊரில் எல்லாரும் இறங்கினார்கள். "நல்லா மாறினோம் போங்க" என்று ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். கேட்டைத் தொடக்கூட முடியாத பயணத்துக்குப் பணத்தைத் திருப்பிக் கொடு என்று ஒரு கூட்டம் மௌனசாமியைச் சுற்றி நின்றது. கை தூக்கிய இருவர் மட்டும் அப்பாவிடம் வந்து "தேங்க்ஸ்ங்க" என்றார்கள். ஐந்தாம் முறைக்காரர் தன் கைப்பேசியை வாங்கிக்கொண்டு, "இந்தத் தடவை சரியா அமையல. அடுத்தது எப்போ?" என்று கேட்டார். அவர் பெயரை மௌனசாமி முதல் ஆளாகப் பதிந்துகொண்டார்.

அப்பாவுக்கு அடுத்த மாதம் இல்லை. அதை மைக் இல்லாமலேயே சொல்லிவிட்டார் மௌனசாமி. இனி அப்பாவும் அந்த உச்சிக்குப் போகப்போவதில்லை, நானும்தான்.

நானும் அப்பாவும் வண்டியைக் கூட்டினோம். கடைசி வரிசையிலிருந்து அவர் பெருக்கிக்கொண்டே வந்தார். நான் திரைச்சீலைகளை இழுத்துக் கட்டினேன். ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. கேட்காமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை.

"அப்பா, நான் செருப்பை மாட்டலன்னா நீ வண்டியைத் திருப்பியிருப்பியா?"

துடைப்பம் நின்றது. "திருப்பியிருப்பேன்டா, சும்மா யோசிச்சிட்டிருந்தேன்" என்று அவர் சொல்லிவிட்டால் போதும். நான் நம்பத் தயாராக இருந்தேன்.

"மாட்டேன், கண்ணு" என்றார் அப்பா. "மேலதான் போயிருப்பேன். வேலை போயிடுமேன்னு பயம்."

எனக்குக் கோபமாக வந்தது. துக்கமாகவும் வந்தது. பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

"கோபமா?"

"ஆமா."

"சரி" என்றார். சமாதானம் செய்ய வரவில்லை. மறுபடி பெருக்க ஆரம்பித்தார். பிஸ்கட் தூளும் காகிதமும் மண்ணும் ஒரு குவியலாகச் சேர்ந்தன. அதை அள்ள அவருக்கு இன்னொரு கை தேவைப்பட்டது. கேட்காமல் சுற்றுமுற்றும் பார்த்தார்.

கொஞ்ச நேரம் அப்படியே நிற்கவிட்டேன். பிறகு போய் முறத்தை எடுத்து அவர் முன்னால் குந்திப் பிடித்தேன்.

"நேராத் தள்ளுப்பா" என்றேன். "பாதி வெளிய போகுது."