கோண்டாவில் தண்டவாளப் பாதையில் ஒரு கயிறு

1992 மார்கழி. காலை ஆறரை மணி. விடியப்புறம் கொட்டிய மழை விட்டிருந்தது.

ரயில் நின்று இரண்டு வருடமாகிவிட்டது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. மிஞ்சிய மேட்டில் கோண்டாவில் சனம் நடந்தது, சைக்கிள் ஓடியது, ஆடு மேய்த்தது. அங்கேதான் வாழைக்குலை வியாபாரி இளையதம்பி கழுத்து அறுபட்டுச் செத்துக் கிடந்தார். பக்கத்தில் அவருடைய சைக்கிள் சரிந்து, குலைகள் சிதறிக் கிடந்தன. பாதைக்குக் குறுக்கே, பனையிலிருந்து வேலிவரை ஓர் ஆட்டுக் கயிறு இழுத்துக் கட்டப்பட்டிருந்தது.

கயிறு சிமியோனுடையது. குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து ஆடு வளர்த்துப் பிழைப்பவன். வெளியூர்க்காரன், ஏழை. கூடிநின்றவர்களுக்கு அதற்கு மேல் விசாரணை தேவைப்படவில்லை. இரண்டு பேர் அவன் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரித் தாதிமாரின் தலைவியாய், மேற்றனாய் இருந்து இளைப்பாறிய பியாட்றிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மூடர்களைச் சகிக்கும் பழக்கத்தை அவர் வேலையோடு சேர்த்தே கைவிட்டிருந்தார்.

"ஆர் முதலிலை கண்டது?"

"நான்தான்." தியாகலிங்கம் முன்னுக்கு வந்தார். அரசாங்கக் கச்சேரியில் தலைமைக் கிளாக்கராக இருந்தவர். அந்தப் பாதையில் 'நடப்பவர்களுக்கு மட்டும்' என்று பலகை நட்டவர். அதை ஒருவரும் மதிப்பதில்லை என்று ஊரெல்லாம் புலம்பித் திரிந்தவர். வெள்ளை வேட்டி, கக்கத்தில் மடித்த குடை, உள்ளங்கையில் சுற்றிய லேஞ்சித் துணி.

"எப்ப?"

"மழை கொட்டேக்கை. குடையோடை நடக்க வந்தனான்."

"கயிறு?"

"அப்பவே கட்டிக் கிடந்தது. நான் ஒண்டையும் தொடேல்லை."

"கையிலை என்ன?"

"வேலி முள்ளுக் கீறினது."

இளையதம்பியின் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. பியாட்றிஸ் உடலைப் புரட்டச் சொன்னார். அடியில் மண் காய்ந்திருந்தது. கழுத்துக் காயம் நூல்போல மெல்லியது. எழுந்து கயிற்றை விரல்களால் உருவிப் பார்த்தார்.

"சிமியோன், ராத்திரி உது எங்கை கிடந்தது?"

"கொட்டிலுக்குள்ளை தொங்கினது, மேற்றன். விடிய எழும்பிப் பாத்தா அதைக் காணேல்லை."

"பொய்," என்றார் தியாகலிங்கம்.

"வாயை மூடிக்கொண்டு கேளுங்கோ. இளையதம்பி விழேக்கை மழை துவங்கேல்லை. அதுதான் அவருக்குக் கீழை மண் காய்ஞ்சு கிடக்கு. கயிறிலை துளி ஈரமில்லை. மழை விட்ட பிறகு கட்டினது. ஏற்கெனவே செத்த மனிசனை இது எப்பிடி விழுத்தும்?"

பியாட்றிஸ் தியாகலிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

"நனையாத கயிறை நீங்கள் மழைக்குள்ளை கண்டிருக்கிறியள். ஆட்டுக் கயிறு கழுத்தை இப்பிடி அறுக்காது. கம்பி அறுக்கும். அதை அவிழ்க்கிறவரின்ரை உள்ளங்கையையும் அறுக்கும். கம்பி கட்டினவர் வந்து பாத்தா மனிசன் செத்துக் கிடக்கு. பழி போட ஒரு அகதி இருந்தான். குடையை விரியுங்கோ."

"என்னத்துக்கு?"

"மழைக்குள்ளை வந்த குடை. காயட்டும்."

தியாகலிங்கம் அசையவில்லை. சிமியோனைப் பிடித்திருந்தவர்களில் ஒருவன் கையை விட்டுவிட்டு வந்து, குடையைப் பறித்து விரித்தான். மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று மண்ணில் விழுந்தது.

"சாகடிக்க நினைக்கேல்லை," என்றார் தியாகலிங்கம். "விழுந்தாப் பயத்திலை இந்தப் பக்கம் சைக்கிளிலை வரமாட்டினம் எண்டுதான் கட்டினனான். போன கிழமை ஒருத்தன் என்ரை வேட்டி முழுக்கச் சேறடிச்சுப்போட்டுத் திரும்பியும் பாக்கேல்லை."

"வேட்டியைத் தோய்ச்சனியளோ?"

"ஓம்."

"சேறு போச்சுதோ?"

"போச்சுது."

பியாட்றிஸ் அதன் பிறகு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"இளையதம்பியின்ரை மனுசிக்கு ஆர் சொல்லுறது?"

சற்று முன்பு நியாயம் வழங்க முந்தியவர்கள் எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். சிமியோன் கன்றிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சைக்கிளை நிமிர்த்தி, சிதறிய குலைகளை எடுத்துக் கட்டினான்.

"நடவுங்கோ, மேற்றன்," என்றான். "நான் கூட வாறன்."