குளத்துப் பலகையில் ஓர் அட்டை

மாலை ஐந்தரைக்குப் பலகை காலியாகியிருக்க வேண்டும். ஒரு பெயர் அட்டை மட்டும் தொங்கியது. எமெரிக்.

அங்கேயே மாலை முறையில் வேலை பார்க்கும் சொலேனின் கணவன். மூன்று மணிக்கே வேலை முடிந்து, மகள் லியோனியைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டவன்.

அணு உலைகளில் எரிந்து தீர்ந்த யுரேனியக் கோல்கள், மறுசுழற்சிக்குப் போகுமுன் ஆண்டுக்கணக்கில் ஆறிக் கிடக்கும் குளம் அது. உள்ளே போகிறவர் அட்டையை மாட்டுவார், வெளியே வருகிறவர் எடுப்பார். அட்டை இருந்தால் ஆள் உள்ளே இருப்பதாகத்தான் கணக்கு. போன வாரம் இரண்டு முறை எமெரிக் மறந்தபோது, பாவம், திட்டு வாங்குவானே என்று சொலேனே அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இன்று மேற்பார்வையாளர் ஜோஸ்லின் பார்த்துவிட்டாள்.

“உன் வீட்டுக்காரர் தலையை மட்டும் எப்படி மறக்காம எடுத்துட்டுப் போறாரு? போய் ஒரு சுத்து பாத்துட்டு வா, பூட்டிடலாம்.”

கூடத்துக்குள் வெதுவெதுப்பான ஈரக்காற்று முகத்தில் ஒட்டியது. தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களின் முனகலுக்கும், வெளியே கடல் மூடுபனிக்குள் எங்கோ ஊதிய கப்பல் சங்கின் ஓசைக்கும் நடுவே அவள் காலடிச் சத்தம் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக் குனிந்தாள். ஒன்பது மீட்டர் ஆழத்தில் கோல்களின் கூடைகள் மங்கிய நீலத்தில் வரிசையாக நின்றன.

இரண்டு கூடைகளுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ.

தன் நிழலாக இருக்கும் என்று நகர்ந்து பார்த்தாள். அது நகரவில்லை.

வேலை உடுப்பு. தோள்கள். பின்னந்தலை.

கம்பியருகே இருந்த தொலைபேசியில் வீட்டு எண்ணை அழுத்தினாள்.

“என்னம்மா, இன்னும் கிளம்பலையா?”

எமெரிக்கேதான். அவளுக்கு உயிர் வந்தது. லியோனிக்குத் தலை வாரிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். பின்னால் குழந்தையின் சிரிப்பு கேட்டது. சொலேனும் சிரிக்கப் பார்த்தாள்.

கீழே அந்தத் தலை மெல்லத் திரும்பியது. நிமிர்ந்தது.

நெற்றி. மூக்கு. தினமும் காலையில் அவள் முத்தமிடும் கன்னம்.

“லியோனிகிட்ட குடு,” என்றாள்.

“என் மடியிலதான் உக்காந்திருக்கா. நீ மெதுவா வா.”

ஒவ்வொரு சொல்லுக்கும் தண்ணீருக்கடியில் அந்த உதடுகள் அசைந்தன. ஒரு குமிழிகூட மேலே வரவில்லை.