குணலட்சுமியின் சீதன வீடு

குடிபுகும் நாளில் பசு வாசற்படியில் நின்றுவிட்டது. மாலை போட்டு, பழம் காட்டி, பின்னால் நின்று தள்ளியும் பார்த்தார்கள். கயிறுதான் அறும் போலிருந்தது. அது ஒரு குளம்பைக்கூட உள்ளே வைக்கவில்லை.

"மாடு போகாட்டி என்ன? வீட்டுக்குரியவள் முதல் போகட்டும். நல்ல நேரம் முடியப்போகுது" என்று மகள் குணலட்சுமியை உள்ளே தள்ளிவிட்டது பாலேஸ்வரிதான்.

உடுவில் கிராமத்தில் அப்படியொரு வீட்டை யாரும் கண்டதில்லை. தொழிற்சாலையில் செய்த பலகைச் சுவர்கள் கதவு யன்னலோடு கொழும்பிலிருந்து லொறியில் வந்து இறங்கின. ஐந்தே நாளில் ஒன்றோடொன்று பொருத்திப் பூட்டி முடித்தார்கள். இளம்பச்சைச் சுவர், வெள்ளை யன்னல், கொம்பனிக்காரர் காட்டிய புத்தகத்திலே படம் போட்டிருந்த மாதிரியே. இனக்கலவரத்துக்கு அடுத்த வருஷம் ஜேர்மனிக்கு ஓடிய மாப்பிள்ளைக்கு நாகரிகமான வீடுதான் வேண்டுமாம். வந்து இருக்கப்போகிறவன் போல! அற்பனுக்கு வாழ்வு வந்தால் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் மகளுக்கு முப்பத்துமூன்று வயது. நாலு சம்பந்தம் குழம்பி ஐந்தாவதாக வந்தது இது. பாலேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், வெளியே வெங்காயத் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் இயந்திரம் ஓய்ந்து வீடு முழுக்கப் புதுப் பலகையும் பசையும் வெயிலில் மணத்துக்கொண்டிருந்த நேரம், முன்னறைச் சுவரில் ஒரு எண்ணெய்க் கறையைப் பாலேஸ்வரி கண்டாள். ஒரே இடத்தில் வருஷக்கணக்காய்த் தலை சாய்த்தால் படிகிற கறை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். மறுநாள் அதே இடத்தில் அது இருந்தது. பக்கத்தில் இன்னொன்று, இடுப்பளவு உயரத்தில். காறல் பிடித்த நல்லெண்ணெய் மணம். சுவரைத் தட்டினாள். பூட்டிய அன்று பொள்ளென்று கேட்ட பலகை, இப்போது நெல்மூட்டையைத் தட்டுவது போல் கேட்டது.

"எண்ணெய்க் கறைக்காகச் சம்பந்தத்தைக் குழப்பப்போறியோ?" என்று கணவர் நமசிவாயம் சீறினார்.

குணலட்சுமி எந்நேரமும் அந்தச் சுவரடியிலேயே இருக்கத் தொடங்கினாள்.

"அதிலை சாயாதை, பிள்ளை."

"இதமாய் இருக்கம்மா." கண் மூடியபடியே சொன்னாள். "ஆரோ மடியிலை வைச்சிருக்கிற மாதிரி."



வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மாப்பிள்ளையின் தாய் கனகாம்பிகை ஆட்களோடு வந்தாள். அறை அறையாகப் பார்த்தாள். யன்னலைத் திறந்தாள், மூடினாள். முகம் மலர்ந்துவிட்டது.

"வெளிநாட்டு வீடேதான்! எங்களுக்குப் பூரண சம்மதம். பொம்பிளைக்கும் சம்மதந்தானே?"

பாலேஸ்வரி திரும்பினாள்.

மகள் அந்தக் கறைச் சுவரோடு நின்றாள். பின்னலைக் காணவில்லை. அது பலகைக்குள் போய்க்கொண்டிருந்தது. வெடிப்பில்லை, துளையில்லை. ஊசியில் நூல் போவது போல, மெல்ல. தலை பின்னால் சாய்ந்தது. காது பலகையைத் தொட்டது. பிறகு காதைக் காணவில்லை. உதடு 'அம்மா' என்று அசைந்தது. சத்தமில்லை.

கத்தினால் போதும். ஒரு வார்த்தை.

ஐந்தாவது சம்பந்தம்.

பாலேஸ்வரி இரண்டடி வைத்து மகளை மறைத்து நின்றாள். சேலையை விரித்துப் பிடித்தாள். சிரித்தாள்.

"ஓம். அவளுக்கும் சம்மதம்."

பின்னால் நீட்டிய அவளது கையை மகளின் விரல்கள் இறுகப் பற்றின. பலகைக்குள்ளிருந்து நீண்டு வந்த வேறொரு கை, அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கியது.